லாசேயாவின் முதல் குடிமகன்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எங்கள் கிரேத்தாத் தீவின் காவலரான புனித தீத்து மேல் ஆணை. என் தலையில் மிச்சமிருக்கும் பதினோரு முடிகள் மேலும் ஆணை. கிரேத்தாக்காரர்கள் ஓயாமல் பொய் சொல்கிறவர்கள் என்று அப்போஸ்தலனாகிய பவுல் ஒரு கடிதத்தில் குறித்து வைத்திருக்கிறார். அவரிடம் அதைச் சொன்னவனும் ஒரு கிரேத்தாக்காரன்தான். ஆகவே அது உண்மையாக இருக்க வழியில்லை.

பவுல் எங்கள் கரைப்பக்கம் வந்தது கைதியாக, ரோமாபுரிக்குப் போகிற வழியில். காற்று எதிர்த்து அடித்ததால் கப்பல் எங்கள் தென்கரையில் ஒதுங்கி நின்றது. பக்கத்தில் லாசேயா என்றொரு பட்டணம் இருந்தது என்று அந்தப் பயணத்தை எழுதியவர் ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுக் கப்பலோடு போய்விட்டார். வேதத்தில் அந்தப் பெயர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அது எங்கே இருந்தது, அதற்கு என்ன பொருள் என்பதெல்லாம் தெரியாமலேயே ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம் ஓடிவிட்டது. எங்கள் ஆடுகளுக்கு அதனால் ஒரு குறையும் வந்ததில்லை.

எங்கள் ஊரின் பெயரைத் தமிழில் சொன்னால் பூண்டுப்பள்ளம். நாற்பது வீடு, ஒரு தேவாலயம், ஒரு காபிக்கடை. காபிக்கடை என்னுடையது.

கனாக்கிஸ் ஆடு வைத்திருந்தான். அவன் மனைவி கரிஃபாலியா. அவர்களுக்கு ஒரே மகன், மார்க்கூலிஸ். ஞானஸ்நானத் தொட்டியில் முக்குவதற்கு முன் அவன் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துவிட்ட ஞானத்தகப்பன் நான். அவன் கப்பல் வேலைக்குப் போனான். இருபத்துநாலு வயதில் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் கிரேனிலிருந்து ஒரு மூட்டை அவன் மேல் விழுந்தது. அங்கேயே புதைத்துவிட்டார்கள். எங்களுக்குத் தந்தி வந்தது பத்தொன்பது நாள் கழித்து. அன்றிலிருந்து கனாக்கிஸ் கறுப்புச் சட்டையைக் கழற்றவில்லை. கரிஃபாலியா அழுது நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் அவள் வீட்டுப் பக்கம் போகும்போது எல்லோரும் மெதுவாக நடப்போம்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. செத்தவரை மண்ணில் போட்டு மூன்று வருஷம் விடுவோம். பிறகு தோண்டி, எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒயினில் கழுவி, வெயிலில் காட்டி, பெட்டியில் வைத்துத் தேவாலயத்தின் பின்னறையில் மூதாதையர் பக்கத்தில் சேர்ப்போம். அதைச் செய்கிறவரை செத்தவருக்குப் பயணம் முடியாது. பெற்றவளுக்கும் முடியாது. கரிஃபாலியா மகன் செத்த வருஷத்துத் திராட்சையில் ஒரு ஜாடி ஒயினைத் தனியாக எடுத்து, வாயைத் துணியால் கட்டி, யாரும் தொடாமல் வைத்திருந்தாள்.

மூன்றாவது வருஷம் வசந்தத்தில் ஆண்ட்வெர்ப் கல்லறைக்காரர்களிடமிருந்து கடிதம் வந்தது. அந்திமோஸ் பாதிரியாருக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும். என் கடையில் உட்கார்ந்து விரலை வைத்து வைத்துப் படித்தார்.

"செப்டம்பரோட அந்த வரிசையத் தோண்டப் போறாங்களாம், கனாக்கிஸ். யாரும் கேக்காத எலும்பையெல்லாம் பொதுக்குழியில போட்டுருவாங்களாம். நமக்கு வேணும்னா, பொறந்த ஊர் பேரு போட்டு, நாங்க ஏத்துக்கிறோம்னு முத்திரை குத்துன ஒரு தாள் அனுப்பணும். பெட்டியில வச்சுக் கப்பல்ல ஏத்திருவாங்க."

"ஒரு தாள்தானே, சாமி?"

"ஒரே ஒரு தாள்தான்."

கரிஃபாலியா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பொதுக்குழின்னா, யார் யாரோடயோ கலந்தா?" என்று மட்டும் கேட்டாள். பாதிரியார் கடிதத்தை மடிக்க ஆரம்பித்தார். அது மடிக்க அவ்வளவு நேரம் பிடிக்கிற கடிதம் அல்ல.

அந்த வாரமே இன்னொரு கடிதமும் வந்தது. தேசிய இடப்பெயர் மாண்பு மன்றம் என்று ஒன்று இருப்பது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். நாட்டில் கௌரவக் குறைவான பெயர் வைத்துக்கொண்டிருக்கும் ஊர்களைக் கண்டுபிடித்து, அவற்றுக்குப் பழம்பெருமை வாய்ந்த பெயரைத் திருப்பிக் கொடுப்பது அதன் வேலை. பூண்டு என்பது கௌரவக் குறைவு என்று ஏழு பேர் கொண்ட குழு ஒருமனதாக முடிவு செய்திருந்தது. பவுல் காலத்து லாசேயா எங்கள் ஊர்தான் என்றும் பூர்வாங்கமாகக் கருதியிருந்தது. ஆகவே பழைய பெயர் அன்றோடு நீக்கப்பட்டது. புதிய பெயரின் மூலமும் பொருளும் நிறுவப்பட்டபின் அது வழங்கப்படும். அதுவரை எங்கள் ஊர் 'ஆய்விலுள்ள இடம்'.

மறுநாளே இரண்டு பேர் வந்து சாலையோரப் பெயர்ப்பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கம்பத்தை விட்டுவிட்டார்கள், அதற்கு உத்தரவு இல்லை. பெயர் இல்லாத இடத்தில் நிறுத்தச் சட்டம் இல்லை என்று பஸ்காரன் சொல்லிவிட்டான். நல்லவன் என்பதால், எங்கள் ஊர் வரும்போது வேகத்தைக் குறைப்பான். கிழவிகள் கோழிக்கூடையோடு குதிக்கப் பழகிக்கொண்டார்கள். அந்தக் கோடையில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் 'ஆய்வில்' என்று இருக்கிறது. இன்றைக்கு அவள் பல் வைத்தியர்.

கனாக்கிஸ் ஒரு தாள் வாங்க ஹெராக்ளியோனுக்குப் போனான். துணைக்கு நானும் போனேன். மாவட்ட அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் படிவத்தை எடுத்தார்.

"பொறந்த ஊர்?"

"பூண்டுப்பள்ளம்."

"அப்படி ஒரு ஊர் இல்லையே."

"காலைல நான் அங்கருந்துதாங்க வந்தேன்."

"வந்திருப்பீங்க. ஆனா அது இல்ல."

"அப்ப லாசேயான்னு போடுங்க."

"அது இன்னும் ஆகல."

"எப்பங்க ஆகும்?"

"அர்த்தம் கெடச்சதும். அர்த்தம் தெரியாத பேர அரசாங்கம் எப்படிப் பதிவேட்டுல ஏத்தும்?"

கனாக்கிஸ் தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியைச் சரிசெய்துகொண்டு யோசித்தான். "ஐயா பேரு என்னங்க?"

"ஸ்ட்ராத்திஸ்."

"அதுக்கு என்னங்க அர்த்தம்?"

"அது எங்க தாத்தா பேரு."

"அர்த்தம்?"

ஸ்ட்ராத்திஸ் ஜன்னலை மூடினார். அது கோபத்தில் அல்ல. மணி ஒன்றாகிவிட்டது.

ஜூன் மாதம் மன்றமே எங்கள் ஊருக்கு வந்தது. ஏழு பேரும் என் கடையில் உட்கார்ந்து ஏழு விதமாகக் காபி கேட்டார்கள். தலைவர் பேராசிரியர் வல்சமாகிஸ் நெட்டையானவர், வெள்ளைச் சூட்டு. துணைத்தலைவர் பேராசிரியர் பெர்த்திகாரிஸ் குட்டையானவர், அவரும் வெள்ளைச் சூட்டு. ஊர் மக்களின் நினைவைப் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லி முதலில் கனாக்கிஸைக் கூப்பிட்டார்கள்.

வல்சமாகிஸ் கேட்டார். "இந்த ஊருக்கு லாசேயான்னு ஒரு பேர் உண்டுன்னு உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?"

"உங்க கடுதாசி வந்ததுல இருந்துங்க."

வல்சமாகிஸ் எழுதிக்கொள்பவரிடம் திரும்பினார். "எழுதுங்க. எழுத்து மூலமான மரபு வழியாகப் பெயர் மக்கள் நினைவில் வாழ்கிறது."

"ஐயா, எனக்கு ஒரு தாளு வேணுங்க. எம் மவன்…"

"வரும், வரும். ஆராய்ச்சின்னா அவசரப்படக் கூடாது. ரெண்டாயிரம் வருஷம் காத்துக் கெடந்த பேரு."

"செப்டம்பர் வரைக்குந்தாங்க இருக்கு."

"எந்த வருஷத்துச் செப்டம்பர்?" என்று பெர்த்திகாரிஸ் அக்கறையோடு கேட்டார்.

பொருள் விஷயத்தில் மன்றம் இரண்டாகப் பிரிந்திருந்தது. அந்தப் பெயர் புதரும் மரமும் அடர்ந்த இடத்தைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது என்பது வல்சமாகிஸ் கட்சி. கல்லைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்து வந்தது என்பது பெர்த்திகாரிஸ் கட்சி. எங்கள் ஊரில் மரம் என்று சொல்ல நாலு காரோப் மரங்களும் பாதிரியார் வீட்டு எலுமிச்சையும்தான். கல்லுக்குக் குறைவில்லை. இதைப் பார்த்ததும் பெர்த்திகாரிஸ் முகம் மலர்ந்தது. வல்சமாகிஸ் கலங்கவில்லை.

"இடம் தன்னுடைய பேரை மறந்துருக்கு. நாம ஞாபகப்படுத்தணும்," என்றார்.

ஜூலையில் நானூறு மரக்கன்றுகள் லாரியில் வந்தன. ஊரைச் சுற்றி நட்டுவிட்டுப் போனார்கள். கனாக்கிஸின் ஆடுகள் மூன்று நாளில் அந்தக் காட்டைத் தின்று முடித்தன. நாலாவது நாள் விசாரணைக் கடிதம் வந்தது: ஆடுகள் தாமாகத் தின்றனவா, துணைத்தலைவரின் தூண்டுதல் உண்டா? கனாக்கிஸ் பதில் எழுதச் சொன்னான். நான் எழுதினேன். "ஆடுகள் தாமாகவே தின்றன. தயவுசெய்து தாளை அனுப்பவும்."

பெர்த்திகாரிஸ் கட்சி சும்மா இருக்குமா? ஆகஸ்டு முதல் வாரம் இரண்டு லாரி நிறையக் கல் வந்து இறங்கியது. எங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கும் கற்கள் எந்தக் காலத்தவை என்று சான்றளிக்கப்படவில்லையாம். இவை சான்றளிக்கப்பட்டவை. இரண்டையும் கலந்துவிடக் கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் எது எந்தக் கல் என்று எங்களுக்கும் தெரியவில்லை, ஆடுகளுக்கும் தெரியவில்லை.

கரிஃபாலியா இந்த எதையும் பார்க்க வெளியே வரவில்லை. ஒருநாள் நான் போனபோது ஒரு வெள்ளைத் துணிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். எலும்பு துடைக்கிற துணி.

"அண்ணே, அவங்க அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு கேக்குறாங்களாமே."

"ஆமாம்மா."

"ஏதாச்சும் ஒண்ணச் சொல்லிர வேண்டியதுதானே. நமக்கு எதுன்னாலும் சரிதானே."

"அவங்களுக்குச் சரியா இருக்கணும்ல."

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "மார்க்கூலிஸ்னு பேரு வச்சப்ப நான் அர்த்தம் கேக்கல. கூப்பிட்டா திரும்பிப் பாத்தான். அது போதும்னு இருந்தேன்."

ஆகஸ்டு பாதியில் அந்திமோஸ் பாதிரியார்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். அரசாங்க முத்திரை கிடைக்காவிட்டால் என்ன, தேவாலயத்து முத்திரை இருக்கிறது. பிறந்த ஊர் என்ற இடத்தில் 'லாசேயா' என்று எழுதினார். அடைப்புக்குள் 'ஆய்வில்' என்று சேர்த்தார். பாதிரியார் பொய் எழுதக் கூடாது. பெயரில்லாத ஊருக்குத் துறைமுகத்தார் பெட்டியை ஒப்படைக்க மாட்டார்கள் என்பதால், பெட்டி போய்ச் சேர வேண்டிய விலாசம் ஒன்று வேண்டியிருந்தது. லாசேயா என்ற பெயரை ஒப்புக்கொள்கிற விலாசம் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. ஹெராக்ளியோன், இடப்பெயர் மாண்பு மன்றம்.

"அங்க வந்து சேரட்டும். நாம போய்த் தூக்கிட்டு வந்துருவோம்," என்றார் பாதிரியார்.

கனாக்கிஸ் தாளில் பெருவிரல் வைத்தான். நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளைத் தபால் பெட்டியில் போட்ட கையும் என்னுடையதுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் அந்தக் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்கிறேன்.

செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி பெட்டி மன்றத்துக்கு வந்து சேர்ந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே நடந்ததை மன்றத்தின் காவலாளி நிகிஃபோரோஸ் பிற்பாடு எனக்குச் சொன்னார். அவர் மலைப்பக்கத்து ஆள், பொய் சொல்லத் தெரியாது.

மன்றத்தின் விதி பன்னிரண்டின்படி, ஆய்விலுள்ள பெயரோடு வரும் எந்தப் பொருளும் சான்றுப் பதிவேட்டில் ஏறிவிட வேண்டும். மையால் ஏறியதை நீக்க விதி இல்லை. பெட்டியின் மேல் 'லாசேயா' என்று எழுதியிருந்ததால் அது ஏறிவிட்டது. பிறகு திறந்தார்கள். எலும்புகள். கூட ஆண்ட்வெர்ப்காரர்களின் தாள்கள் ஆறு. கிரேக்கம், லத்தீன், எபிரேயம் ஆகிய மூன்று மொழிகளை மட்டுமே மன்றம் அறியும். தாள்கள் வேறு மொழியில் இருந்தன. ஆகவே அவை தாள்கள் அல்ல. பொட்டலம் கட்டுகிற காகிதம் என்று பதிந்தார்கள்.

பாதிரியாரின் கிரேக்கத் தாள்?

அது ஆண்ட்வெர்ப்பிலேயே கோப்பில் தங்கிவிட்டது. அங்கேயும் விதிகள் உண்டு.

அடுத்து வயது. எலும்பின் பழமையைக் கண்டுபிடிக்க வல்சமாகிஸிடம் ஒரு முறை இருந்தது. பழைய எலும்பு நாக்கில் ஒட்டும், புதிய எலும்பு ஒட்டாது. வெள்ளைச் சூட்டில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு விலா எலும்பை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

"முதலாம் நூற்றாண்டு," என்றார்.

பெர்த்திகாரிஸ் வாங்கி அவரும் நாக்கில் வைத்தார். "முதலாம் நூற்றாண்டு, பிற்பாதி."

மன்றத்தின் சரித்திரத்தில் இருவரும் ஒத்துப்போன ஒரே சந்தர்ப்பம் அது என்று நிகிஃபோரோஸ் சொன்னார். அதோடு பொருள் பிரச்சினையும் தீர்ந்தது. எலும்புகளின் பழுப்பு நிறத்தில் வல்சமாகிஸ் அடர்ந்த காட்டு மண்ணைக் கண்டார். அவற்றின் உறுதியில் பெர்த்திகாரிஸ் கல்லைக் கண்டார். லாசேயா என்ற பெயரின் பொருள் 'அடர்த்தியானது' என்று ஏழு பேரும் கையெழுத்திட்டார்கள்.

அக்டோபரில் எங்கள் ஊருக்கு லாசேயா என்ற பெயர் வழங்கப்பட்டது. கம்பம் அங்கேயே இருந்ததால் பலகையை மாட்ட நேரமாகவில்லை. பஸ் நின்றது. கிழவிகள் பழக்கத்தில் குதித்தார்கள். வாரிசுகள் என்ற முறையில் ஊர் முழுவதையும் ஹெராக்ளியோனுக்கு அழைத்துப்போனார்கள். மன்றத்துக் காட்சிக்கூடத்தில் விழா. பெட்டி வந்திருந்தால் அப்படியே வாங்கி வந்துவிடலாம் என்று கனாக்கிஸ் ஒரு கோவேறு கழுதையின் மேல் விரிக்கிற கம்பளியைச் சுருட்டி எடுத்து வந்தான். கரிஃபாலியா மடியில் ஒயின் ஜாடி.

கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பேழை. உள்ளே சிவப்பு வெல்வெட்டின் மேல் எலும்புகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. கீழே அட்டை: 'லாசேயாவின் முதல் குடிமகன். பெயர் தெரியவில்லை. முதலாம் நூற்றாண்டு.'

வல்சமாகிஸ் பேசினார்.

"பெரியோர்களே, இந்த மனிதன் பவுலின் கப்பலைக் கரையில் நின்று கண்டவன். அந்தக் கைதியின் கண்களை இவன் கண்கள் சந்தித்திருக்கக் கூடும். இவனுக்குத் தாய் தகப்பன் யாரென்று நமக்குத் தெரியாது. இனி இந்த தேசமே இவனுக்குத் தாய், இந்த மன்றமே தகப்பன். ஒரு பெயருக்குப் பொருள் கிடைக்க ஓர் உயிர் தேவைப்படுமானால், அதைக் கொடுக்கத் தயங்காத குடிமக்கள் கொண்ட நாடு இது."

எல்லோரும் கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம். தட்டச் சொல்லியிருந்தார்கள்.

கனாக்கிஸ் தட்டவில்லை. சுவரோரம் கிடந்த ஒரு மரப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதன் பலகையில் கப்பல் கம்பெனியின் முத்திரை இருந்தது. மகன் அனுப்பிய கடிதங்களின் மேல் மூலையில் ஆறு வருஷமாகப் பார்த்த முத்திரை. அவனுக்கு எழுத்துத் தெரியாது, அந்த முத்திரை தெரியும். மெல்ல நடந்துபோய் வல்சமாகிஸின் கையைத் தொட்டான்.

"ஐயா, அவன் பவுலப் பாக்கலீங்க. ஆண்ட்வெர்ப்ல மூட்டை விழுந்துச்சு. அது எம் மவன்."

கனாக்கிஸையும் கரிஃபாலியாவையும் என்னையும் உள்ளறைக்குக் கூட்டிப்போனார்கள். வல்சமாகிஸ் கெட்டவர் அல்ல. கரிஃபாலியாவுக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். பொட்டலக் காகிதம் என்று பதிந்திருந்த ஆறு தாள்களையும் வரவழைத்தார். மார்க்கூலிஸின் பெயரும் பிறந்த வருஷமும் எந்த மொழிக்காரனும் படிக்கிற மாதிரி அச்சடித்திருந்தன. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றார். "நான் இப்ப மனசு விட்டுப் பேசுறேன். இது உங்க மகன்னு வச்சுக்குவோம். அப்ப இது முதலாம் நூற்றாண்டு இல்ல. முதலாம் நூற்றாண்டு இல்லன்னா, உங்க ஊரு லாசேயான்னு சொல்ல எங்ககிட்ட ஒரு ஆதாரமும் இல்ல. லாசேயா இல்லன்னா உங்க ஊருக்குப் பேர் இல்ல. பேர் இல்லாத ஊருக்கு நான் எப்படி உங்க மகன அனுப்ப முடியும்?"

"பழைய பேருக்கு அனுப்புங்கய்யா," என்றான் கனாக்கிஸ்.

"அது நீக்கியாச்சு."

"அப்ப எம் மவன்?"

"இங்க இருக்கறவரைக்கும் அவன் ஊருக்கு ஒரு பேர் இருக்கு. நீங்க கூட்டிட்டுப் போனா அவனுக்குப் போய்ச் சேர ஊரே இல்ல. யோசிச்சுப் பாருங்க. நான் உங்களுக்காகத்தான் சொல்றேன்."

நான் எத்தனையோ பாதிரியார்களின் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். மனுஷனை வாயடைக்க வைப்பதில் அதற்கு ஈடாக ஒன்றைக் கேட்டதில்லை. கனாக்கிஸ் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு அதன் ஓரத்து நூல்களை எண்ணுகிறவன் போல உட்கார்ந்திருந்தான்.

கரிஃபாலியா கேட்டாள். "ராத்திரி அவன் தனியாவா இருக்கான்?"

"காவலாளி இருக்காரும்மா."

"நான் அவனக் கழுவணும்."

"அது சான்றுப் பொருள், அம்மா. ஈரம் படக் கூடாது."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "நாக்குல ஈரம் இல்லையா, ஐயா?"

வல்சமாகிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்ததும் மறுபடியும் துடைத்தார். "திங்கக்கெழம மன்றம் விடுமுறை," என்றார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "அன்னைக்கு இங்க என்ன நடக்குதுன்னு எந்தப் பதிவேட்டுலயும் ஏறாது." சொல்லிவிட்டு வெளியே போனார். வெளியே அவருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் போனோம். கனாக்கிஸ், கரிஃபாலியா, பாதிரியார், நான். நிகிஃபோரோஸ் கூடத்துக் கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டுப் பேழையின் பூட்டைத் திறந்தார். ஜன்னல் கதவுகளையும் தள்ளிவிட்டார். வெயில் வெல்வெட்டின் மேல் விழுந்தது. "வெயில் காட்டணும்ல," என்றார். "எங்கம்மாவ எடுத்தப்ப மழை. இன்னும் மனசு கேக்கல எனக்கு."

கரிஃபாலியா முதலில் மண்டையோட்டை எடுத்தாள். நெற்றியில் முத்தமிட்டாள். "வந்துட்டியா ராசா," என்றாள். ஜாடியின் துணியை அவிழ்த்ததும் கூடம் முழுக்க மூன்று வருஷத்து வாசனை பரவியது. ஒயினை உள்ளங்கையில் ஊற்றி ஊற்றிக் கழுவினாள். கனாக்கிஸ் துடைத்தான். பாதிரியார் தாழ்ந்த குரலில் ஜெபம் சொன்னார். நான் ஒவ்வொன்றாக வாங்கி வெயிலில் பரப்பினேன். விலா, முதுகெலும்பு, தொடை. அந்த வீட்டில் மூன்று வருஷமாகக் கேட்காத ஒன்று அப்போது கேட்டது: கரிஃபாலியா பேசிக்கொண்டே இருந்தாள். இவன் எவ்வளவு நேரம் தூங்குவான், எந்தக் கால் முதலில் நடந்தது, வெங்காயத்தைப் பொறுக்கிப் பொறுக்கி ஓரத்தில் வைப்பான். கனாக்கிஸ் இடையில், "வெங்காயம் இல்லடி, கத்தரிக்கா," என்றான். "உங்களுக்கு என்ன தெரியும், நீங்க மலையிலல்ல கெடப்பீங்க," என்றாள். அவன் சிரித்தான். நான் பார்த்தேன், சிரித்தான்.

கடைசியாக இடது கை எலும்பு. அவள் அதைக் கழுவி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"ஒம்பது வயசுல காரோப் மரத்துலருந்து விழுந்தானே. கட்டுப்போட்டவன் கோணலா கட்டிட்டான்னு நீங்க சண்டைக்குப் போனீங்களே. இந்தா பாருங்க, எப்படி வளைஞ்சு கூடியிருக்குன்னு. எம் புள்ளதான்."

கனாக்கிஸ் வாங்கி விரலால் தடவிப் பார்த்தான். "ஆமா," என்றான். பாதிரியார் வாங்கிப் பார்த்து, "ஆமாம்மா," என்றார். என் கையில் கொடுத்தார்கள். நானும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஆமாம் என்றேன்.

எல்லாவற்றையும் அவள் தைத்த துணியில் ஒற்றி, வெல்வெட்டின் மேல் இருந்தபடியே அடுக்கினோம். நிகிஃபோரோஸ் பூட்டினார். அன்றைக்கு ஊர் திரும்பும் பஸ்ஸில் கரிஃபாலியா கணவன் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவள் தூங்கிப் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவள் பதினாலு வருஷம் இருந்தாள். செத்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்களின் சனிக்கிழமை ஒவ்வொன்றுக்கும் கோதுமை அவித்து, மாதுளை முத்துக்களும் பாதாமும் தூவி, பஸ் ஏறிப் போய் அந்தப் பேழையின் பக்கத்தில் வைத்துவிட்டு வருவாள். பேழையைப் பார்க்க வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை அள்ளித் தின்பார்கள். மன்றம் ஆட்சேபிக்கவில்லை, பண்டைய லாசேயா மக்களின் சடங்கு என்று அதற்கும் ஓர் அட்டை வைத்தது.

அந்த இடது கை எலும்பு நேராக இருந்தது.